பெரோனியல் தசைநாண் காயங்கள்

பெரோனியல் தசைநாண் காயங்கள் என்பவை கணுக்காலின் வெளிப்பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு முனைக்குப் பின்னால் ஓடும் இரண்டு தசைநாண்களில் உண்டாகும் அழற்சி, கிழிசல், இடப்பெயர்வு ஆகியவற்றைக் குறிக்கும். பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்புவதும், மேடுபள்ளமான தரையில் கால் உட்புறமாக மடங்கிவிடாமல் காப்பதும் இத்தசைநாண்களின் முக்கியப் பணிகள் ஆகும். கால் மடங்கி விழும்போது கணுக்காலின் இணைநார்களோடு இவையும் காயப்படலாம். வலியும் வீக்கமும் சாதாரணச் சுளுக்கைப் போலவே இருப்பதால், தசைநாண் காயம் பல நேரங்களில் சுளுக்கு என்றே கருதப்பட்டு, கண்டறியப்படாமல் போகிறது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டுப் பகுதியில் மஞ்சுவிரட்டு, கபடி, பழனி நடைப்பயணம், பனையேறுதல், கட்டட வேலை எனக் கணுக்காலுக்குக் கடும் உழைப்பைத் தரும் செயல்கள் பல உள்ளன. கால் பிசகினால் எண்ணெய் தடவி நீவுவதும் பற்றுப் போடுவதும் இங்கு நெடுங்காலப் பழக்கம் ஆகும். பெரும்பாலான சுளுக்குகள் நாள்பட ஆறிவிடுகின்றன. ஆனால் வெளிக்கணுவுக்குப் பின்புறம் வலி 6 வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது தசைநாண் காயமாக இருக்கக்கூடும் என்பதை அறிந்துகொள்வது, நடக்கும் திறனைக் காப்பாற்ற உதவும்.

பெயர்

பெரோனியல் என்னும் சொல் கிரேக்க மொழியில் உடையைச் சேர்த்துக் குத்தும் ஊசியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கணைக்காலின் வெளிப்பக்கத்தில் உள்ள மெல்லிய எலும்பு இத்தகைய ஊசியைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது. அதே பொருளுடைய இலத்தீன் சொல்லே ஃபிபுலா ஆகும். 1998இல் வெளியான பன்னாட்டு உடற்கூற்றுச் சொற்பட்டியல் ஃபிபுலாரிஸ் என்ற வடிவத்தை முதன்மைப்படுத்தியது. எனினும் மருத்துவர்களிடையே பெரோனியல் என்ற பழைய பெயரே இன்றும் மிகுதியாக வழங்குகிறது. ஸ்கேன் அறிக்கைகளில் இரு பெயர்களும் காணப்படும். இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன.

உடற்கூறு

கணைக்காலின் வெளிப்பக்கத்தில் நெடும் பெரோனியத் தசை, குறும் பெரோனியத் தசை என இரண்டு தசைகள் உள்ளன. இரண்டும் ஃபிபுலா எலும்பில் தொடங்கிக் கீழிறங்கிக் கயிறு போன்ற தசைநாண்களாக மாறுகின்றன. இரு தசைநாண்களும் வெளிக்கணுவின் பின்புறமுள்ள ஆழமில்லாத பள்ளத்தின் வழியே, கப்பியில் ஓடும் கயிறு போலத் திசை திரும்பிப் பாதத்திற்குச் செல்கின்றன. கணுக்காலைத் தென்மாவட்டங்களில் கரண்டைக்கால் என்றும் வழங்குவர். அதன் வெளிப்பக்கத்தில் புடைத்துத் தெரியும் எலும்பு முனையே வெளிக்கணு ஆகும்.

பள்ளத்தில் குறும் தசைநாண் எலும்பை ஒட்டி முன்னால் இருக்கும். நெடும் தசைநாண் அதன் பின்னால் இருக்கும். குறும் தசைநாண் பாதத்தின் வெளி ஓரமாகச் சென்று, சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள நீள எலும்பின் அடிப்பகுதியில் முடிகிறது. பாதத்தின் வெளி ஓரத்தை நடுவில் தடவினால் கையில் தட்டுப்படும் மேடு அதுவே ஆகும். நெடும் தசைநாண் மேலும் தொலைவு செல்கிறது. அது கனசதுர எலும்பின் அடியில் இரண்டாம் முறையாகத் திரும்பி, உள்ளங்காலைக் குறுக்காகக் கடந்து, பெருவிரலுக்குப் பின்னுள்ள நீள எலும்பின் அடிப்பகுதியைச் சென்றடைகிறது. இதனால் பாதத்தின் வளைவைத் தாங்குவதிலும், நடக்கும்போது பெருவிரல் பக்கத்தைத் தரையில் அழுத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இரு தசைநாண்களும் பள்ளத்தை விட்டு வெளியேறாமல் இருப்பதற்காக, வெளிக்கணுவிலிருந்து குதிகால் எலும்பு நோக்கி உறுதியான நார்ப்பட்டை ஒன்று அவற்றின் மேல் போர்த்தியிருக்கிறது. இது மேல் பிடிப்புப் பட்டை எனப்படும். இப்பட்டை அறுந்தால் தசைநாண்கள் இடம் பெயரும். பள்ளம் சிலருக்கு ஆழமாகவும், சிலருக்குத் தட்டையாகவும், சிலருக்குப் புடைத்தும் இருக்கும். சிலருக்குக் குறும் தசையின் சதைப்பகுதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும். சிலருக்கு நான்காம் பெரோனியத் தசை என்ற கூடுதல் தசை ஒன்று இருக்கும். இவை அந்தக் குறுகிய இடத்தில் நெருக்கடியை உண்டாக்கித் தசைநாண் தேய வழிசெய்கின்றன.

வகைகள்

அழற்சி: தசைநாணும் அதைச் சுற்றியுள்ள உறையும் தொடர்ந்த உராய்வால் வீங்குவது. பழக்கமில்லாத தொலைவை ஒரேயடியாக நடப்பது, ஓட்டப் பயிற்சியைத் திடீரெனக் கூட்டுவது, ஒரு பக்கம் தேய்ந்த செருப்புடன் நடப்பது ஆகியவற்றால் வரும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

கிழிசல்: குறும் தசைநாணில் ஏற்படும் கிழிசலே மிகுதி. பாதம் மடங்கும் வேளையில் குறும் தசைநாண் முன்னால் எலும்புக்கும் பின்னால் நெடும் தசைநாணுக்கும் இடையில் சிக்கி நசுங்குகிறது. எலும்பின் கூரான பின்விளிம்பு அதை நீளவாக்கில் பிளக்கிறது. எனவே இது கயிறு குறுக்கே அறுவது போல அன்றி, பனை ஓலையைக் கிழிப்பது போல நெடுக்காக அமைகிறது. தசைநாண் முழுவதும் அறாததால் பாதம் ஓரளவு இயங்கும், நோயாளி நடமாடுவார். இதுவே காயம் கவனிக்கப்படாமல் போவதற்கு ஒரு காரணம் ஆகும். நெடும் தசைநாண் பெரும்பாலும் குதிகால் எலும்பின் வெளிப்பக்க மேட்டருகிலோ, கனசதுர எலும்பின் அடியில் திரும்பும் இடத்திலோ கிழிகிறது.

இடப்பெயர்வு: பிடிப்புப் பட்டை அறுவதாலோ எலும்பிலிருந்து பெயர்வதாலோ, தசைநாண் பள்ளத்தைவிட்டு வெளிக்கணுவின் மேலேறி முன்னால் வழுக்கி வருவது. 1803இல் இத்தாலிய அறுவை மருத்துவர் மொந்தேஜியா ஒரு பாலே நடனக் கலைஞரிடம் கண்ட இந்நிலையை முதன்முதலில் விவரித்தார். 1976இல் எக்கர்ட், டேவிஸ் ஆகியோர் பனிச்சறுக்கு வீரர்களின் காயங்களை ஆராய்ந்து இதனை மூன்று நிலைகளாகப் பிரித்தனர். முதல் நிலையில் பட்டை எலும்புறையோடு பெயர்கிறது. இரண்டாம் நிலையில் பள்ளத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வரம்பும் சேர்ந்து பெயர்கிறது. மூன்றாம் நிலையில் சிறு எலும்புச் சில்லு ஒன்றும் உடைந்து வருகிறது. பட்டை அதன் பின்பக்கத்தில் அறுவதை ஓடன் 1987இல் நான்காம் நிலையாகச் சேர்த்தார். பட்டை அறாமலேயே இரு தசைநாண்களும் உறைக்குள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு இடம் மாறுவதும் உண்டு.

எலும்பு மணிக் காயம்: சிலருக்கு நெடும் தசைநாணுக்குள், கனசதுர எலும்பின் அருகில், ஓஸ் பெரோனியம் என்ற சிறு எலும்பு மணி இருக்கும். இது பிறவியிலேயே அமைவது, நோய் அன்று. ஆனால் இம்மணி உடைந்தாலோ, அதன் இரு துண்டுகளும் விலகினாலோ, நெடும் தசைநாண் அறுந்திருக்கக்கூடும்.

காரணங்கள்

பாதம் உட்புறமாக மடங்குவதே முதன்மையான காரணம். பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடல் திடீரெனத் திசை திரும்பும்போது பெரோனியத் தசைகள் முழு வலிமையுடன் இறுகுகின்றன. அந்த இழுப்பில் பிடிப்புப் பட்டை அறுகிறது. உயரத்திலிருந்து குதிகால் படும்படி விழும்போது குதிகால் எலும்பு நொறுங்கி வெளிப்பக்கம் புடைத்து, தசைநாண்களை நசுக்கலாம் அல்லது இடம்பெயர்க்கலாம்.

குதிகால் உட்புறம் சாய்ந்து, பாத வளைவு மிக உயர்ந்துள்ளவர்களுக்கு வெளிப்பக்கத் தசைநாண்கள் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். பலமுறை சுளுக்கி இணைநார்கள் தளர்ந்தவர்களுக்கும் இதே நிலைதான். நீரிழிவு, முடக்குவாத மூட்டழற்சி, நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்ளுதல் ஆகியவை தசைநாணை நலிவடையச் செய்கின்றன. சிப்ரோஃபிளாக்சசின் போன்ற ஃபுளோரோகுயினலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கும் தசைநாண் அறும் பக்கவிளைவு உண்டு. முதியோர்க்கும் ஸ்டீராய்டு உட்கொள்வோர்க்கும் இந்த இடர் மிகுதி.

செட்டிநாட்டுச் சூழல்

தை மாதத்தில் சிராவயல் போன்ற ஊர்களில் நடைபெறும் மஞ்சுவிரட்டில், பொட்டலில் அவிழ்த்துவிடப்படும் காளைகளை இளைஞர்கள் விரட்டிப் பிடிக்கின்றனர். ஓடிக்கொண்டிருக்கும்போதே காளை திரும்பினால் மனிதரும் ஒரு காலை ஊன்றி நொடிப்பொழுதில் திரும்ப வேண்டும். பிடிப்புப் பட்டை அறுவதற்கு ஏதுவான அசைவு இதுவே ஆகும். கபடியில் பாடிச் செல்பவர் பிடியிலிருந்து விலகும்போதும், அவருடைய கணுக்காலைப் பிடித்து இழுக்கும்போதும் இதே விசை ஏற்படுகிறது.

தைப்பூசத்தையொட்டி நகரத்தார் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடியுடன் நடந்து செல்லும் மரபு பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. வேறு பல சமூகத்தவரும் இப்பயணத்தை மேற்கொள்கின்றனர். நாள்தோறும் நெடுந்தொலைவு, பெரும்பாலும் வெறுங்காலுடன், சாய்வான சாலையோரத்தில் நடக்கும்போது ஒரு பாதம் தொடர்ந்து உட்புறம் சாய்ந்தே தரையில் பதிகிறது. முன்பயிற்சி இல்லாதவர்க்கு இது தசைநாண் அழற்சியை உண்டாக்கக்கூடும். பனையிலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுந்து குதிகால் எலும்பு முறிந்தவர்களிடம், எலும்பு கூடிய பின்னும் வெளிப்பக்க வலி நீடித்தால் தசைநாண்களையும் பரிசோதிக்க வேண்டும்.

கால் பிசகியவுடன் நல்லெண்ணெய் அல்லது வேப்பெண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பதும், புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுவதும் வீட்டு வைத்தியமாக வழங்குகின்றன. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் குழைத்து மூங்கில் தப்பையுடன் கட்டும் நாட்டு வைத்தியமும் உண்டு. அசையாமல் கட்டி ஓய்வு கொடுப்பது காயம் ஆற உதவும் என்பதால் இவற்றால் சிலருக்கு நலம் கிடைக்கிறது. ஆனால் புதிய காயத்தை அழுத்தி நீவுவது உள் இரத்தக்கசிவைக் கூட்டும். இடம்பெயர்ந்த தசைநாணை உருவிவிட்டு உள்ளே தள்ளினாலும், அறுந்த பட்டை ஒட்டாத வரை அது மீண்டும் வெளியே வரும். கட்டு இறுக்கமாக இருந்து விரல்கள் மரத்துப்போனாலோ, குளிர்ந்து நிறம் மாறினாலோ, கட்டை உடனே அவிழ்த்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறிகுறிகளும் சுளுக்கிலிருந்து வேறுபாடும்

சாதாரணக் கணுக்கால் சுளுக்கில் காயப்படும் இணைநார் வெளிக்கணுவுக்கு முன்னும் கீழும் உள்ளது. எனவே அங்கே அழுத்தினால் வலிக்கும். பெரோனியல் தசைநாண் காயத்தில் வலி வெளிக்கணுவுக்குப் பின்னால் தொடங்கி, பாதத்தின் வெளி ஓரமாகச் சுண்டுவிரல் பக்கம் இறங்கும். சுளுக்கின் வீக்கம் வாரங்கள் செல்லச் செல்ல வடிகிறது. தசைநாண் காயத்தின் வீக்கமோ கணுவுக்குப் பின்னால் ஒரு குழல் போல நீடித்து நிற்கிறது.

பாதத்தை வெளிப்பக்கம் திருப்ப முயலும்போது மற்றவர் கையால் தடுத்தால் வலி கூடுவது, அல்லது வலிமை குறைந்திருப்பது மற்றோர் அடையாளம். இடப்பெயர்வில் பாதத்தை வட்டமாகச் சுழற்றும்போது கயிறு போன்ற ஒன்று எலும்பின் மேலேறித் தெறிப்பதைக் கண்ணாலேயே காணலாம். சிலருக்குச் சொடுக்கும் ஓசையும் கேட்கும். வயல் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் நடக்கும்போது கால் அடிக்கடி மடங்குவது நாள்பட்ட காயத்தின் முறைப்பாடு ஆகும். இரண்டு காயங்களும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம். ஆகவே சுளுக்கு என்று உறுதியான பின்னும் பின்பக்க வலியைத் தனியே சோதிப்பது தேவையாகிறது.

கண்டறிதல்

காயம்பட்டவுடன் எலும்பு முறிவு உண்டா என்பதே முதலில் அறிய வேண்டியது. 1992இல் கனடாவில் உருவாக்கப்பட்ட ஒட்டாவா விதிகள் இதற்கு உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்களின் பின்விளிம்பிலோ நுனியிலோ, சுண்டுவிரல் பக்க நீள எலும்பின் அடியிலோ, பாதத்தின் உட்பக்கமுள்ள படகெலும்பிலோ அழுத்தினால் வலி இருந்தாலும், நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. ஆயினும் வெளிக்கணுவின் ஓரத்தில் மெல்லிய எலும்புச் சில்லு தெரிந்தால், பிடிப்புப் பட்டை பெயர்ந்திருப்பதற்கான தெளிவான சான்று அது. சுண்டுவிரல் பக்க நீள எலும்பின் முறிவிலும் கவனம் தேவை. அடிநுனியில் ஏற்படும் பெயர்வு முறிவு பெரும்பாலும் எளிதில் கூடிவிடும். அதற்குச் சற்று முன்னால் ஏற்படுவது ஜோன்ஸ் முறிவு எனப்படும். இது கூடுவது கடினம். ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் நடனமாடும்போது தம் காலில் ஏற்பட்ட முறிவையே 1902இல் விவரித்து எழுதியதால் இப்பெயர் வந்தது.

மீயொலி ஸ்கேன் செலவு குறைந்தது. பாதத்தை அசைக்கச் சொல்லிக்கொண்டே பார்க்க முடியும் என்பதால், அசையும்போது மட்டும் இடம் பெயரும் தசைநாணைக் காட்டுவதில் அது சிறந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கிழிசலின் நீளம், தசையின் நிலை, இணைநார்கள், குருத்தெலும்பு ஆகிய அனைத்தையும் காட்டும். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. தசைநாண் காந்தப்புலத்திற்கு ஏறத்தாழ 55 பாகைக் கோணத்தில் வளையும் இடத்தில், காயமே இல்லாவிட்டாலும் வெளிறிக் கிழிசல் போலத் தோன்றும். பெரோனியல் தசைநாண்கள் கணுவைச் சுற்றி வளைவதால் இத்தோற்ற மயக்கம் இங்கு அடிக்கடி நேர்கிறது. எனவே அறிக்கையை மட்டும் பார்த்து அறுவை முடிவு செய்யப்படுவதில்லை. வலி இருக்கும் இடமும் ஸ்கேன் காட்டும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

அறுவையில்லா மருத்துவம்

அழற்சிக்கும் சிறு கிழிசலுக்கும் முதலில் அறுவையில்லா மருத்துவமே அளிக்கப்படுகிறது. தொடக்க நாட்களில் ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், மிதமான அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை வீக்கத்தைக் குறைக்கும். வலி கடுமையாக இருந்தால் சில வாரங்களுக்குக் கால் காப்புக் காலணி அல்லது மாவுக்கட்டு தேவைப்படும். பின்னர் இயன்முறை மருத்துவர் வழிகாட்டுதலில் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளும், ஒற்றைக் காலில் நின்று சமநிலை காக்கும் பயிற்சிகளும் தொடங்கும். குதிகால் உட்புறம் சாய்ந்தவர்களுக்குச் செருப்பின் வெளி ஓரத்தை உயர்த்தும் ஆப்பு உதவும். தசைநாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவது அதை அறுத்துவிடக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது.

புதிதாக ஏற்பட்ட இடப்பெயர்வில் 6 வாரம் மாவுக்கட்டுப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தசைநாண் மீண்டும் இடம் பெயர்ந்துவிடுகிறது. ஆகவே விளையாட்டு வீரர்களுக்கும் உடலுழைப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கும் தொடக்கத்திலேயே அறுவை பரிந்துரைக்கப்படுவதுண்டு.

அறுவை மருத்துவம்

சில மாத மருத்துவத்திற்குப் பின்னும் வலியும் தளர்வும் நீடித்தால் அறுவை மருத்துவம் கருதப்படும். பெரும்பாலும் முதுகுத்தண்டில் மயக்க ஊசி செலுத்தப்பட்டு, தொடையில் இரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் பட்டை கட்டப்படும். வெளிக்கணுவுக்குப் பின்னால், தசைநாணின் போக்கை ஒட்டி வளைவான கீறல் இடப்படும். பிடிப்புப் பட்டையைத் திறந்து இரு தசைநாண்களும் நேரில் பரிசோதிக்கப்படும். ஸ்கேனில் தெரியாத கிழிசல்கள் இப்போது வெளிப்படுவதுண்டு.

அடுத்து என்ன செய்வது என்பது, தசைநாணில் நல்ல பகுதி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்தது. குறுக்குவெட்டில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால், நைந்த பகுதியை நீக்கி, எஞ்சியதைக் குழல் போலச் சுருட்டித் தைப்பர். பாதிக்கு மேல் கெட்டிருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கி, அதன் முனைகளைப் பக்கத்திலுள்ள நல்ல தசைநாணோடு இணைத்துத் தைப்பர். 1998இல் கிராஸ், பிராட்ஸ்கி ஆகியோர் முன்வைத்த இந்தப் பாதி அளவுகோல் பரவலாகப் பின்பற்றப்படுகிறது.

இரண்டு தசைநாண்களும் பயனற்றுப் போயிருந்தால் அறுவை கடினமாகிறது. 2004இல் ரெட்ஃபெர்ன், மையர்சன் ஆகியோர் வகுத்த முறையின்படி, மேலே உள்ள தசை இன்னும் சுருங்கி விரியும் திறனோடு இருக்கிறதா என்று பார்க்கப்படும். திறன் இருந்தால், உடலின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணை இடையில் ஒட்டுப் போடலாம். தசை கொழுப்பாக மாறிச் செயலிழந்திருந்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை. அப்போது பெருவிரலையோ மற்ற விரல்களையோ மடக்கும் தசைநாண் ஒன்றைத் திசைமாற்றி, பாதத்தின் வெளி ஓரத்தில் பொருத்துவர். காயத்தை நாள்கடத்துவதன் விலை இங்குதான் தெரிகிறது. தொடக்கத்தில் தையலோடு முடிந்திருக்கக்கூடிய காயம், தசை நலிந்த பிறகு இன்னொரு தசையைக் கடன் வாங்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறது.

இடப்பெயர்வுக்கு, பெயர்ந்த பிடிப்புப் பட்டை இழுக்கப்பட்டு எலும்பில் துளையிட்டோ, நங்கூரத் திருகு கொண்டோ மீண்டும் பொருத்தப்படும். பள்ளம் தட்டையாக இருந்தால் அது ஆழமாக்கப்படும். தசைநாண் உராயும் வழுவழுப்பான மேற்பரப்பைக் கெடுக்காமல், அதன் அடியிலுள்ள எலும்பைக் குடைந்து மேற்பரப்பை உள்ளே அமிழ்த்துவது இதன் ஒரு முறை.

காயத்திற்குக் காரணமான குறையையும் அதே அறுவையில் சரிசெய்வது முக்கியம். குதிகால் உட்புறம் சாய்ந்திருந்தால் குதிகால் எலும்பை வெட்டி வெளிப்பக்கம் நகர்த்துவர். இணைநார்கள் தளர்ந்திருந்தால் அவற்றை இறுக்குவர். கூடுதல் தசை இருந்தால் அதை அகற்றுவர். இவற்றை விட்டுவிட்டுத் தசைநாணை மட்டும் தைத்தால், அது மீண்டும் கிழிய வாய்ப்பு உண்டு.

சிக்கல்கள்

கீறலுக்கு அருகில் சூரல் நரம்பு ஓடுகிறது. அது காயப்பட்டால் பாதத்தின் வெளி ஓரத்தில் மரத்துப்போதலோ எரிச்சலோ உண்டாகும். இங்குத் தோலுக்கு அடியில் சதை குறைவு என்பதால் புண் ஆறத் தாமதமாகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது மிகுதி. தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்வது, கிருமித்தொற்று, கால் நாளங்களில் இரத்தம் உறைதல், மீண்டும் கிழிதல் ஆகியவை பிற சிக்கல்கள் ஆகும். கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் வந்தாலோ, மூச்சுத் திணறல் ஏற்பட்டாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின்

அறுவைக்குப் பின் ஏறத்தாழ 2 வாரம் கால் தரையில் ஊன்றப்படாமல் தப்பைக்கட்டில் இருக்கும். தையல் பிரித்த பின், 6 வாரம் வரை காப்புக் காலணியில் படிப்படியாக எடை ஏற்றப்படும். பின்னர் இயன்முறை மருத்துவம் முழுமையாகத் தொடங்கும். விளையாட்டுக்கும் கடின உழைப்புக்கும் திரும்ப 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். தசைநாண் மாற்று அறுவையில் இன்னும் கூடுதலாகும். நாட்கணக்கு அறுவையின் தன்மைக்கேற்ப மாறும் என்பதால் அறுவை செய்த மருத்துவரின் அறிவுரையே இறுதியானது.

தரையோடு ஒட்டிய வாழ்க்கை முறையில் சில கூடுதல் கவனங்கள் உண்டு. சம்மணமிட்டு அமரும்போது பாதம் உட்புறம் மடங்குவதோடு, வெளிக்கணு நேராகத் தரையில் அழுந்துகிறது. இது தைத்த தசைநாணை இழுத்து, கீறலையும் புண்ணாக்கும். எனவே மருத்துவர் அனுமதிக்கும் வரை நாற்காலியில் அமர்வதும், மேற்கத்தியக் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் நல்லது. திண்ணை, உயர்ந்த வாசற்படி, முற்றத்துப் படி எனப் பல மட்டங்களைக் கொண்ட செட்டிநாட்டு வீடுகளில், ஊன்றுகோலுடன் நடமாடுபவர் படி ஏறாமல் ஒரே மட்டத்தில் இருக்கும்படி படுக்கையை அமைத்துக்கொள்ளலாம். ஈரமான தரையில் ஊன்றுகோல் வழுக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் தசைநாண் மாற்று அறுவை

ஒரு தசையின் வேலையை இன்னொரு தசைக்கு மாற்றிக் கொடுக்கும் அறுவைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவைகளைச் செய்யத் தொடங்கினார். தொழுநோயில் முழங்காலுக்கு அருகிலுள்ள பொதுப் பெரோனியல் நரம்பு பழுதடைந்து, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கும் நிலை ஏற்படுவதுண்டு. இதற்கு, கணைக்காலின் பின்பக்கத் தசை ஒன்றின் நாணை முன்பக்கம் கொண்டுவந்து பொருத்தும் அறுவை வேலூரிலும், காட்பாடியை அடுத்த கரிகிரியிலும் வளர்ந்தது. செயல்படும் தசையை இழந்த இடத்திற்கு மாற்றுவது, பின் பயிற்சியால் அதற்குப் புதிய வேலையைக் கற்பிப்பது என்ற அதே கொள்கையே பெரோனியல் தசைநாண் மாற்றிலும் பின்பற்றப்படுகிறது.

பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாதம் தொங்குதல் நரம்புக் கோளாறு. பாதத்தின் மேற்பக்கத்தில் உணர்ச்சிக் குறைவும் இருக்கும். தசைநாண் காயத்தில் உணர்ச்சி மாறாது. வலியும் தளர்வும் மட்டுமே இருக்கும்.

மருத்துவ வசதி

செட்டிநாட்டுப் பகுதியில் உள்ளவர்கள் காரைக்குடி அரசு மருத்துவமனை, 2012இல் தொடங்கப்பட்ட சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை தென்மாவட்டங்களின் பெரிய மேல்சிகிச்சை மையம் ஆகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. குறிப்பிட்ட அறுவை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள திட்டப் பிரிவில் முன்னதாகக் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

தடுப்பு

முழுமையாக ஆறாத சுளுக்குடன் மீண்டும் களமிறங்காமல் இருப்பதே முதன்மையான தடுப்பு ஆகும். ஒற்றைக் காலில் 30 நொடி தடுமாறாமல் நிற்கவும், வலியின்றித் துள்ளவும் முடிந்த பின்னரே ஓட்டத்தைத் தொடங்குவது நல்லது. நடைப்பயணம் செல்வோர் பல வாரங்களுக்கு முன்பிருந்தே தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக வேண்டும். சாலையின் ஒரே ஓரத்தில் நெடுநேரம் நடக்காமல், சமமான பரப்பைத் தேர்ந்து நடந்தால் பாதம் சாய்வது குறையும். வெளி ஓரம் தேய்ந்த செருப்பை மாற்றிவிட வேண்டும்.

கால் பிசகி 6 வாரங்களுக்குப் பின்னும் வெளிக்கணுவின் பின்னால் வலியோ வீக்கமோ இருந்தாலும், பாதத்தைத் திருப்பும்போது நாண் தெறித்தாலும், சமதரையிலேயே கால் மடங்கினாலும், எலும்பு மருத்துவரை அணுகி, பெரோனியல் தசைநாண்களைப் பரிசோதிக்கும்படி கேட்பது தக்கது. நாண் தெறிப்பது முதல் நாளிலேயே தெரிந்தால் 6 வாரம் காத்திருக்கத் தேவையில்லை.